டாக்ரோலிமஸ் அளவைக் குறைத்துவிட்டார்கள், ரிஜெக்‌ஷன் வந்துவிடாதா?

கயல்:

என் தம்பிக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை ஆகி ஐந்தாவது மாதம் ஓடுகிறது. டோனர் நான்தான். என் ஈரலின் வலது பக்கம் இப்போது அவனிடம் இருக்கிறது. எனக்கு மிச்சமிருந்தது வளர்ந்து ஈடுகட்டிவிட்டது, அதனால் என்னை யாரும் நலம் விசாரிக்க வேண்டாம். கேள்வி அவனைப் பற்றியது.

உடம்பு புது ஈரலைத் தள்ளாமல் இருக்க ஆரம்பத்தில் டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மூன்றும் கொடுத்தார்கள். ரத்தத்தில் டாக்ரோலிமஸ் லெவல் 8, 9 என்று வந்தபோதெல்லாம் "சரியாக இருக்கிறது" என்றார்கள். போன வாரம் ஸ்டீராய்டை முழுக்க நிறுத்திவிட்டு, டாக்ரோலிமஸ் டோஸையும் குறைத்து, "இனிமேல் 5லிருந்து 7க்குள் இருந்தால் போதும்" என்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 0.8லிருந்து 1.4 ஆகிவிட்டதாம், பொட்டாசியமும் ஏறுகிறதாம். கை நடுக்கம் வேறு. செக்கில் போட்ட கையெழுத்தை வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஈரல் பரிசோதனை எல்லாம் நார்மல். காய்ச்சல், மஞ்சள் காமாலை எதுவும் இல்லை. அவன் மாத்திரை குறைந்ததே என்று குஷியாக இருக்கிறான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததை எதற்குக் குறைக்கிறார்கள்? உடம்பு ஈரலைத் தள்ள ஆரம்பித்தால் வீட்டில் இருக்கும் நாங்கள் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? அவன் மாத்திரை போடும் நேரமும் ஒழுங்கில்லை. எட்டு மணி என்பது சில நாள் பத்தாகிவிடும். அதனால் பெரிய வித்தியாசம் வருமா?

இன்னொரு தரம் கொடுக்க என்னிடம் ஈரல் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரவல்_ஈரல்:

தங்கச்சி, பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், நானும் உங்கள் தம்பி கட்சிதான். பல வருடமாக இரவல் ஈரலோடு திரிகிறேன்.

குறைப்பது அலட்சியம் இல்லை, தொடக்கத்திலிருந்தே திட்டம் அதுதான். ரிஜெக்‌ஷன் அதிகம் வருவது முதல் சில வாரங்களில், மூன்று மாதத்துக்குள். புது ஈரலோடு டோனரின் வெள்ளணுக்களும் சேர்ந்து வருகின்றன. வாங்கியவரின் டி செல்கள் (எதிர்ப்பு சக்தியின் வெள்ளணுக்கள்) அவற்றைப் பார்த்ததும் உஷாராகிவிடும். அந்தக் கட்டத்துக்குத்தான் மூன்று மருந்தும் உயர்ந்த லெவலும். அதைத் தாண்டியபின் அதே அளவில் வைத்திருப்பது மேடு ஏறிய கியரிலேயே சமதளத்திலும் ஓட்டுவது மாதிரி. ஈரல் தாங்கும், சிறுநீரகம் தாங்காது. மாற்று உறுப்புகளில் ஈரல் கொஞ்சம் சாது என்பதையும் மனதில் வையுங்கள். சிறுநீரகத்துக்கு எச்எல்ஏ என்ற திசுப் பொருத்தம் என்று அலைவதைப்போல இதற்கு அலைவதில்லை, ரத்த வகையும் அளவும் ஒத்துப்போனால் பெரும்பாலும் போதும். எனக்கு இப்போது லெவல் 4ஐ ஒட்டித்தான் இருக்கிறது.

வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்விக்கு என் பதில்: கண்டுபிடிக்க முடியாது. எனக்கு இரண்டாவது மாதம் ரிஜெக்‌ஷன் வந்தது. அன்று மாடிப்படி ஏறி இறங்கினேன், நன்றாகப் பசித்தது, உடம்பில் ஒரு குறையும் இல்லை. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் ஈரல் பாதித்தால் ஏறும் நொதியான ஏஎல்டி 240 என்று வந்தது, அதே மாதிரியான ஜிஜிடியும் கூடவே ஏறியிருந்தது. உடனே பயாப்ஸி. ஊசியால் ஒரு நூல் அளவு திசு எடுத்துப் பார்த்தார்கள். பித்தக் குழாயைச் சுற்றி வெள்ளணுக்கள், ரத்தக் குழாயின் உள்சுவரிலும் வீக்கம். மூன்று நாள் நரம்பு வழியாக மெதில்பிரெட்னிசோலோன் ஏற்றினார்கள், ஒரு வாரத்தில் எண்கள் இறங்கிவிட்டன. (அந்த ஸ்டீராய்டு ஏறும் நாட்களில் தூக்கம் என்பதே கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்கு நர்ஸுக்கு வாழ்க்கை வரலாறு சொல்லிக்கொண்டிருந்தேன்.)

கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்ந்த நிறமாவது, அரிப்பு, காய்ச்சல் எல்லாம் வரும்தான், ஆனால் தாமதமாக வரும். முதலில் சொல்வது ரத்தம். டோஸ் குறைத்திருக்கும் இந்த வாரங்களில் பரிசோதனைத் தேதியைத் தள்ளிப்போட விடாதீர்கள். ஆரம்பத்திலேயே பிடித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். கவனிக்காமல் விட்டு, பித்தக் குழாய்கள் ஒவ்வொன்றாக மறைந்துபோகும் நாள்பட்ட ரிஜெக்‌ஷனாக மாறினால்தான் கஷ்டம்.

மதிவதனி:

நான் மாற்று உறுப்பு வார்டில் மருந்தாளுநர். தம்பியின் மருத்துவர் சொன்னதற்கு மேல் டோஸ் பற்றி நான் சொல்ல எதுவுமில்லை. ஆனால் நேரம் பற்றிக் கேட்டீர்களே, அதற்கு நீளமாகவே பதில் சொல்கிறேன். வார்டில் எனக்கு அதிகம் கோபம் வருவது அந்த விஷயத்தில்தான்.

அந்த 8, 9 என்ற எண் அடுத்த டோஸுக்குச் சற்று முன் ரத்தத்தில் மிஞ்சியிருக்கும் மருந்து, ஒரு மில்லிக்கு இத்தனை நானோகிராம் என்று. இரவு டோஸுக்கு 12 மணி நேரம் கழித்து எடுத்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. தம்பி இரவு பத்துக்குப் போட்டுவிட்டுக் காலை எட்டுக்கு ரத்தம் கொடுத்தால் எண் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்து மருத்துவர் டோஸைக் குறைப்பார். அடுத்த முறை இரவு எட்டுக்கே போட்டிருந்தால் எண் இறங்கிப்போயிருக்கும், உடனே டோஸ் கூடும். பொய் எண்ணை நம்பி ஏற்றி இறக்கும் விளையாட்டு. காலை மாத்திரையை விழுங்கிவிட்டு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் தனி ரகம், அந்த ரிப்போர்ட்டைக் கிழித்துத்தான் போட வேண்டும். பரிசோதனை நாளில் மாத்திரையைப் பையில் எடுத்துப் போகச் சொல்லுங்கள், ரத்தம் கொடுத்த பிறகு போடட்டும்.

லெவல் ஒருநாள் 4, ஒருநாள் 11 என்று ஆடுகிறவர்களுக்கு ரிஜெக்‌ஷனும் அதிகம், சிறுநீரகச் சேதமும் அதிகம். சராசரி எடுத்தால் அழகாக 7.5 வரும், அதனால் பயனில்லை. சாப்பாட்டோடு போடுவதா, வெறும் வயிற்றிலா என்பதிலும் அப்படித்தான், தினமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். உணவு, முக்கியமாகக் கொழுப்பு, மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும்.

குறைத்த காரணம் எனக்கு நியாயமாகத் தெரிகிறது. டி செல் பெருக இன்டர்லூக்கின்-2 என்ற சமிக்ஞை வேண்டும். டாக்ரோலிமஸ் டி செல்லுக்குள் இருக்கும் கால்சினியூரின் என்ற நொதியைத் தடுத்து அதை வெட்டுகிறது. அதே மருந்து சிறுநீரகத்துக்குள் நுழையும் நுண் ரத்தக் குழாய்களைச் சுருக்கவும் செய்கிறது. கிரியாட்டினினும் பொட்டாசியமும் ஏறுவது, கை நடுங்குவது எல்லாம் இந்த மருந்துக்கே உரிய பின்விளைவுகள். ஆரம்பத்தில் குறைத்தால் பெரும்பாலும் திரும்பிவிடும், வருடக்கணக்கில் விட்டால் சிறுநீரகத்தில் தழும்பாகிவிடும். மைக்கோஃபீனோலேட் வேறு வழியில் போகிறது. டி செல், பி செல் பெருகத் தேவையான மூலப்பொருளைத் தயாரிக்க விடாது. சிறுநீரகத்தை அது தொந்தரவு செய்வதில்லை. அது துணைக்கு நிற்பதால்தான் டாக்ரோலிமஸைத் தைரியமாகக் குறைக்கிறார்கள். வயிற்றுப்போக்கும் வெள்ளணு குறைவதும்தான் அதன் தொல்லைகள். வயிற்றுப்போக்கு வந்தால் டாக்ரோலிமஸ் லெவல் ஏறும் என்பது பலருக்குத் தெரியாது, குறையும் என்றே நினைப்பார்கள்.

இயற்கைநேசன்:

ஆயுள் முழுக்க எதிர்ப்பு சக்தியை அடக்கி வைத்தால் அது வாழ்க்கையா? மாற்று ஈரலோடு ஒரு மாத்திரைகூட இல்லாமல் வாழ்கிறவர்கள் இருப்பதாக நான் படித்திருக்கிறேன். எதிர்ப்பு சக்தி தரும் மூலிகைகளை ஆரம்பித்து, ரசாயனத்தை மெதுவாக நிறுத்திப் பார்க்கலாமே சகோதரி.

இரவல்_ஈரல்:

நண்பரே, நீங்கள் படித்ததில் பாதி உண்மை. மருந்தே இல்லாமல் ஈரல் ஒழுங்காக வேலை செய்யும் ஆட்கள் உண்டு. ஆனால் அது மாற்று சிகிச்சை முடிந்து பல வருடம் ஆனவர்களில், எண்கள் அசையாமல் இருப்பவர்களைப் பொறுக்கியெடுத்து, ஆய்வுக்குள் வைத்து, அடிக்கடி ரத்தமும் பயாப்ஸியும் பார்த்து இஞ்ச் இஞ்சாகக் குறைத்தது. அவர்களிலும் பலருக்கு ரிஜெக்‌ஷன் வந்து மருந்துக்குத் திரும்பியிருக்கிறார்கள். ஐந்தாவது மாதத்தில் இருக்கும் பையனுக்கு இதைச் சொல்வது ஆபத்து.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் மூலிகை என்கிறீர்கள். இவர்கள் காசு கொடுத்து அடக்கி வைத்திருப்பதே அதைத்தானே? மன அழுத்தத்துக்குச் சாப்பிடும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டும் மூலிகைதான், டாக்ரோலிமஸ் லெவலைத் தரைமட்டமாக்கிவிடும்.

அப்புறம், இயற்கை என்றால் டாக்ரோலிமஸும் இயற்கைதான். 1984ல் ஜப்பானில் ட்ஸுகுபா மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரிடம் கிடைத்தது. அதற்கு முந்தைய சைக்ளோஸ்போரின் ஒரு பூஞ்சையிலிருந்து வந்தது. இவை வருவதற்கு முன் எப்படி இருந்தது தெரியுமா? அமெரிக்க அறுவை மருத்துவர் ஸ்டார்ஸ்ல் 1963ல் முதல் ஈரல் மாற்று செய்தார். ஒருவர் ஓராண்டைத் தாண்டியது 1967ல் செய்த சிகிச்சையில்தான். கையில் இருந்ததெல்லாம் அசத்தியோபிரின் என்ற பழைய மருந்தும் ஸ்டீராய்டும், கூட வெள்ளணுக்களை அடக்கும் ஒரு சீரமும். அந்தக் காலத்துக்குத் திரும்ப எனக்கு ஆசை இல்லை.

கயல்:

இரண்டு பேருக்கும் நன்றி. இயற்கைநேசன் அண்ணா, அக்கறையாகத்தான் சொன்னீர்கள், ஆனால் வேண்டாம்.

அவன் போனில் காலை எட்டு, இரவு எட்டு அலாரம் வைத்துவிட்டேன். என் போனிலும் வைத்திருக்கிறேன், அதற்குத்தான் அவனுக்குக் கடுப்பு. நேற்று 12 மணி நேரக் கணக்குப் பார்த்து எடுத்த ரத்தத்தில் லெவல் 6.2, கிரியாட்டினின் 1.2, ஏஎல்டி 28.

இன்னும் இரண்டு சந்தேகம். எப்போதாவது ஒரு வேளை மறந்துவிட்டால் என்ன செய்வது? பல் வேரில் சீழ் என்று இன்று பல் மருத்துவர் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையும் எழுதியிருக்கிறார். சிறுவயதில் பென்சிலின் போட்டு உடம்பெல்லாம் தடித்ததால் அந்த வகை கொடுக்கவில்லையாம். இவற்றைக் கொடுக்கலாமா?

மதிவதனி:

கயல், இரண்டாவது கேள்விக்கு முதலில். மாத்திரை இன்னும் போடவில்லை என்றால் போட விடாதீர்கள், இப்போதே டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டரைக் கூப்பிடுங்கள். கிளாரித்ரோமைசின் டாக்ரோலிமஸை உடைக்கும் நொதியைத் தடுத்துவிடும். சில நாளில் லெவல் பல மடங்கு ஏறலாம், இப்போதுதான் இறங்கிய கிரியாட்டினின் மறுபடி எகிறும். பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃபுளூகோனசோல் வகையும், ரத்த அழுத்தத்துக்கான டில்டியாசெமும், பம்ப்ளிமாஸும் கிரேப்ஃப்ரூட்டும் இதே வேலையைச் செய்யும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான ஃபெனிடோயினும் நேர் எதிர், லெவலை இறக்கி ரிஜெக்‌ஷனுக்கு வழிவிடும். டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தில் டாக்ரோலிமஸோடு கூட்டுச் சேரும், அதுவும் வேண்டாம். வலிக்குப் பாராசிட்டமால் எவ்வளவு என்று அவர்களிடமே கேளுங்கள். பென்சிலின் ஒவ்வாமையையும் மறக்காமல் சொல்லுங்கள், அதற்கேற்ற ஆன்டிபயாடிக்கை அவர்களும் பல் மருத்துவரும் பேசி முடிவு செய்வார்கள். பல்லை அப்படியே விட்டுவிடவும் கூடாது, இந்த மருந்துகளோடு சீழ் சீக்கிரம் பரவும்.

மறந்துபோன டோஸ்: சில மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் போட்டுவிடலாம். அடுத்த டோஸ் நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டைச் சேர்த்துப் போடக் கூடாது. எத்தனை மணி வரை என்று உங்கள் மையத்தில் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள், அதையும் இந்த போனிலேயே கேட்டுவிடுங்கள். மருந்துக்கடையில் வேறு கம்பெனி மாத்திரையோ, ஒரு நாளைக்கு ஒரே வேளை போடும் வகையோ மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். மில்லிகிராம் ஒன்றாக இருந்தாலும் லெவல் ஒன்றாக வராது.