மஞ்சள் தண்ணீர் எங்கே வந்தது? பழைய கடைவரிசையில் குழாய் அடைப்பு: உங்கள் அனுபவங்கள்

வாழையிலைக் கடைக்காரர், சுங்கை சிப்புட்

தீபாவளிக்கு முந்திய வாரம் நடந்தது. இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. மலேசியாவில் உள்ள எங்கள் கடைவரிசை இரண்டாம் உலகப் போருக்கு முன்பு கட்டப்பட்டது. பின்சந்தில் மலவாளி தூக்கிய காலத்துக் கட்டடம் என்பதால், கழிப்பறைக் குழாய்கள் எல்லாம் பின்னாளில் அவரவர் வசதிக்கேற்பச் சேர்க்கப்பட்டவை. எது எதோடு இணைகிறது என்று காட்ட ஒரு வரைபடமும் கிடையாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் என் சமையற்கட்டுத் தரையின் வடிகால் வாய் பொங்கி வழிந்தது. பக்கத்துக் கோப்பிக்கடைத் தவுக்கேதான் (சீன முதலாளி) எண்ணெயை ஊற்றுகிறார் என்று நானே முடிவுகட்டி, இரண்டு மாதம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. முதலில் வந்த குழாய் வேலைக் குத்தகையாளர் தரையை மூன்றடி நீளம் உடைத்து, ஒன்றும் காணாமல், 800 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்து வந்தவர் தோட்டத்து ரப்பர் ஆலையில் குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். சுத்தியலைத் தொடாமல், "கொஞ்சம் மஞ்சள் தூள் கொடுங்க தம்பி" என்று கேட்டு, வாளியில் கரைத்து என் தொட்டியில் ஊற்றினார். நான் பின்சந்து லொங்காங்கையே (சாக்கடையையே) பார்த்துக்கொண்டிருக்க, தவுக்கே கடைக்குள் கூச்சல் எழுந்தது. அவருடைய தரையில் மஞ்சள் தண்ணீர் நின்றது. இரு கடைக் குழாய்களும் சேரும் இடத்துக்குக் கீழேதான் அடைப்பு என்று அப்போது தெரிந்தது.

பின்சந்துத் திறப்பு வழியாக ஸ்பிரிங் கம்பியைச் செலுத்தி இழுத்தபோது, சோப்புக்கட்டி போல் இறுகிய கொழுப்பு வந்தது. அதன் உள்ளே நாரும் நரம்புமாக இருந்ததை ஒரு குச்சியால் கிளறிய தவுக்கே, "இது யார் கடை இலை?" என்று மலாயில் கேட்டார். அந்த வரிசையில் வாழையிலை போடுவது என் கடை மட்டும்தான்.

மாடி டியூஷன் ஆசிரியை

எல்லா அடைப்பையும் கொழுப்பின் தலையில் கட்டிவிட வேண்டாம். எங்கள் மாடிக் கழிப்பறையில் தண்ணீர் இறங்கும்போதெல்லாம் கைகழுவும் தொட்டி 'களக் களக்' என்று குமிழி விடும். சற்று நேரத்தில் சாக்கடை வாடை வகுப்பறை வரை வரும். மூன்று முறை கம்பி விட்டும் பயனில்லை. கூரைக்கு மேலே நீட்டியிருந்த காற்றுக் குழாயின் வாயில் மைனா கூடு கட்டியிருந்தது. காற்று வர வழியில்லாமல், இறங்கும் தண்ணீர் வாடையைத் தடுக்கத் தொட்டியின் வளைகுழாயில் தங்கவேண்டிய நீரையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு போயிருக்கிறது. கூட்டைப் பிரித்தபோது, என் மாணவர்கள் தொலைத்த சிவப்பு ரிப்பன் ஒன்று அதில் பின்னிக் கிடந்தது.

குழாய் வேலைக்காரன், 22 வருடம்

கடைக்காரர் ஐயா, மஞ்சள் தண்ணீர் இணைப்பைக் காட்டுமே தவிர, அடைப்பு எத்தனை அடியில் இருக்கிறது என்று காட்டாது. தூரத்தைச் சொல்வது உள்ளே போன கம்பியின் நீளம் அல்லது கேமரா. என் பங்குக்கு ஒரு சிறிய அனுபவம்: ஒரு பழைய வங்கிக் கட்டடத்தில் கழிவுக் குழாய்த் திறப்பின் மூடியை நேராக நின்று திறந்து, மாடித் தண்ணீர் முழுவதையும் முகத்தில் வாங்கினேன். ஆகவே மாடிக் குழாய்களை முதலில் மூடச் சொல்லுங்கள். ஒதுங்கி நின்று, மூடியைச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள்.

பழைய வார்ப்பிரும்புக் குழாயின் உட்புறம் துரு புடைத்து, 4 அங்குல வழி 2 அங்குலமாகக்கூடச் சுருங்கியிருக்கலாம். அங்கே கூரிய வெட்டுமுனையை வேகமாகச் சுழற்றினால் குழாய் பிளந்துவிடும். அதன் மூட்டுகள் சணலைத் திணித்து உருக்கிய ஈயம் ஊற்றி அடைத்தவை. கண்டபடி தட்டினால் கசியும். தரைக்கடியில் ஓடுவது சுட்ட மண்குழாயாக இருந்தால், மூட்டு வழியாக வேர் நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். பின்சந்துச் சுவரில் அரசமரக் கன்று நின்றால் எனக்கு உடனே சந்தேகம் வரும். 4 அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு 1 அடி சரிவு வைப்பது வழக்கம். மண் இறங்கி நடுவில் தொய்ந்துவிட்டால், எத்தனை முறை சுத்தம் செய்தாலும் அதே இடத்தில்தான் மறுபடி கட்டும். சுடுநீர் ஊற்றுவது கொழுப்பை உருக்கி, குளிர்ந்த அடுத்த வளைவில் கொண்டுபோய் உறைய வைக்கும். காஸ்டிக் சோடா போட்ட குழாயில் அமிலம் ஊற்றவே கூடாது. காஸ்டிக் சோடா போட்டிருந்தால் வருகிற வேலைக்காரனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கண் போய்விடும்.

கழுவுநீரின் கொழுப்பைப் பிடித்து நிறுத்தும் கொழுப்புப் பொறி வைத்தீர்களா, கடைக்காரர் ஐயா? அதை நீங்கள் சொல்லவே இல்லை.

வாழையிலைக் கடைக்காரர், சுங்கை சிப்புட்

வைத்திருக்கிறேன். தட்டுகளை வழித்த பிறகே கழுவ வேண்டும் என்றும் வேலையாட்களிடம் சொல்லியிருக்கிறேன். ஸ்பிரிங் செலவில் பாதியைத் தவுக்கே கொடுக்க வந்தார், நான் வாங்கவில்லை. அந்த இரண்டு மாதத்தைப் பற்றி இன்னும் நாங்கள் பேசவில்லை.