ரெப்புஸ்வார்: ‘பின்தள்ளி’யா, ‘ஓர எழினி’யா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நிலக்காட்சி ஓவியத்தில் ‘ரெப்புஸ்வார்’ (repoussoir) என்னும் பிரெஞ்சுச் சொல்லால் குறிக்கப்படும் உத்திக்கு, நம் சொல்லடைவுக்கான தமிழ்ப் பெயராக இதுவரை பின்தள்ளி, ஓரமரம், ஆழங்காட்டி ஆகிய சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு.

பிரெஞ்சுச் சொல் ‘பின்னுக்குத் தள்ளு’ என்னும் வினையிலிருந்து பிறந்ததால் ‘பின்தள்ளி’ நேரான பெயர்ப்புதான். ஆனால் ஒருவரைப் பின்தள்ளுதல் என்றால் நம் காதில் போட்டியும் பதவியுமே ஒலிக்கின்றன. ஓவியத்தில் நடப்பது வேறு: முன்புறத்தில், படத்தின் ஓரமாக, இருண்ட பெரிய உரு ஒன்றை நிறுத்தும்போது அதற்கு அப்பாலுள்ள ஒளிமிக்க வெளி மேலும் தொலைவாகத் தோன்றுகிறது, பார்வையும் சட்டத்துக்கு வெளியே நழுவாமல் உள்ளே திரும்புகிறது.

இதற்கு வழக்கமாகக் காட்டப்படுபவர், ரோமில் வாழ்ந்து 1682இல் மறைந்த ஓவியர் கிளாட் லொரேன். அவருடைய படங்கள் பலவற்றில் ஓரத்தில் நிற்பது மரமே என்பதால் ‘ஓரமரம்’ பொருத்தமாகத் தோன்றலாம். ஆனால் ஷீபா நாட்டரசி கப்பலேறும் துறைமுகத்தை அவர் 1648இல் தீட்டியபோது அந்த வேலையை இடிந்த தூண்களிடம் ஒப்படைத்தார். டச்சு ஓவியர் வெர்மீரின் ‘ஓவியக் கலை’ என்னும் படத்திலோ ஒதுக்கிவிட்ட கனத்த திரைச்சீலையே அதைச் செய்கிறது.

‘ஆழங்காட்டி’ திசைகாட்டி போல ஒரு கருவியின் பெயராக ஒலிக்கிறது என்பது சிறிய குறை. பெரிய குறை, அது எல்லை மீறுவது. டச்சு ஓவியர் ஹொபெமா 1689இல் தீட்டிய மிடல்ஹார்னிஸ் ஊர்ச் சாலையில் இருவரிசை மரங்கள் படத்தின் நடுவே தொலைவை நோக்கிக் குவிகின்றன. அங்கே ஆழம் ஏராளம், ரெப்புஸ்வார் இல்லை.

வெர்மீரின் திரைதான் எனக்கு வழி காட்டியது. சிலப்பதிகார அரங்கேற்று காதை ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளைச் சொல்கிறது. ‘ஒருமுக எழினி’யையே எடுத்துக்கொள்ளலாமே என ஆசை எழுந்தாலும், அது நாடக அரங்குக்கு உரிய பெயர், மேலும் இரு ஓரங்களிலும் மரம் நிறுத்திய படங்களுக்கு அது இடறும். ஆகவே ‘ஓர எழினி’ என்பது என் முன்மொழிவு. (எழினி என்றதும் அதியமான் மரபினரை நினைக்கும் புறநானூற்று அன்பர்கள் பொறுத்தருள்க.)

திரை மறைப்பதற்கு உரியதாயிற்றே என்ற மறுப்பு வரும். ஓரத்துக்கு ஒதுங்கிய திரை சிறிது மறைத்து மிகுதியைத் திறந்து காட்டுகிறது. ஓவியத்தின் ஓரத்து மரமும் அவ்வாறே.

வகுப்பில் சொல்லிப் பார்த்தால்தான் கலைச்சொல்லின் தரம் தெரியும். ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள், கிளாடின் 1646ஆம் ஆண்டு ஹாகார் ஓவியத்தின் அமைப்பைப் பின்பற்றி 1828இல் டெட்ஹாம் பள்ளத்தாக்கைத் தீட்டினார். இரண்டின் அச்சுப்படிகளையும் மாணவரிடம் தந்து, “ஓர எழினியைக் கையால் மறைத்துவிட்டுத் தொலைவைப் பாருங்கள், பிறகு கையை எடுங்கள்” எனலாம். “பின்தள்ளியைக் கையால் மறையுங்கள்” என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

சேர்த்து ‘ஓரவெழினி’ என எழுதுவதே புணர்ச்சி முறை; ஆயினும் புதிதாகப் படிப்பவர் கண்ணுக்குப் பிரித்தெழுதுவது எளிது என்பதால் இங்கே அப்படியே எழுதியிருக்கிறேன். சொல்லடைவில் எவ்வடிவம் இடம்பெறலாம் என்பதை இலக்கணம் அறிந்தோர் தெரிவிக்க வேண்டுகிறேன்.