சர்க்கரை + ஸ்லீப் ஆப்னியா: மூன்றாம் வகுப்பு மெடிக்கல் வாங்கியவர்கள் யாராவது?

அமெரிக்காவில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன். வயது 46. முதல் மெடிக்கலுக்கே (விமானி உடல்தகுதிச் சான்று) பரிசோதித்த விமான மருத்துவர் (ஏஎம்இ) கையெழுத்துப் போடாமல் அமெரிக்க விமானத்துறை ஆணையமான எஃப்ஏஏவுக்கு அனுப்பிவிட்டார். இப்போது கூடுதல் ஆவணம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது, 60 நாள் கெடு. அதில் 19 நாள் போய்விட்டது.

சர்க்கரை நாலு வருஷமாக. மெட்ஃபார்மின் மட்டும்தான், இன்சுலின் இல்லை. கடைசி எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 6.8. இதில் சிக்கல் வராது என்றுதான் டாக்டரும் சொல்கிறார்.

வில்லங்கம் தூக்கத்தில்தான். தூக்கத்தில் மூச்சு தடைபடும் ஸ்லீப் ஆப்னியா. பரிசோதனையில் ஏஎச்ஐ (மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற கணக்கு) 22. எட்டு மாதமாக சிபேப் (மாஸ்க் வழியே காற்றழுத்தம் தரும் கருவி) போடுகிறேன், இப்போது ஏஎச்ஐ 2க்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆனால் எஃப்ஏஏ எதிர்பார்ப்பது, குறைந்தது 75 சதவீத இரவுகளில், சராசரி 6 மணி நேரமாவது கருவியைப் போட்டிருக்க வேண்டும். இரவுக் கணக்கு 81 சதவீதம், சரி. மணிக்கணக்கு 5.20தான். விடியற்காலை மூன்று மணி வாக்கில் தூக்கத்திலேயே மாஸ்க்கைக் கழற்றித் தலையணைக்கடியில் வைத்துவிடுகிறேன், காலையில்தான் தெரிகிறது!

மூக்குக்கு மட்டும் வரும் மாஸ்க், முழு மாஸ்க், ஈரப்பதம் கூட்டுவது, தொடக்க அழுத்தத்தைக் குறைப்பது எல்லாம் பார்த்தாயிற்று. மெடிக்கலுக்கு மாற்று வழியான பேசிக்மெட் ஆகாது, 2006 ஜூலை 14க்குப் பிறகு ஒருமுறையாவது மெடிக்கல் வைத்திருந்திருக்க வேண்டுமாம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், மெடிக்கல் இல்லாமல் கார் ஓட்டுநர் உரிமத்தை வைத்தே லைட் ஸ்போர்ட் (சிறிய ரக விமானம்) ஓட்டும் வழியும் அடைபடும். அதனால்தான் அவசரப்பட பயம்.

இரண்டு நோயும் இருந்து ஸ்பெஷல் இஷ்யூயன்ஸ் (நோய் இருந்தும் சிறப்பு அனுமதியாகத் தரும் மெடிக்கல்) வாங்கியவர்களே, 6 மணிக்குக் குறைவான சிபேப் அறிக்கையை டாக்டர் கடிதத்தோடு அனுப்பினீர்களா, இல்லை அவகாசம் கேட்டு மணிக்கணக்கைச் சரிசெய்தபின் அனுப்பினீர்களா?