புதுப்பிப்பு: விந்துப் பரிசோதனையில் 'பஸ் செல்ஸ் 10-12', ஆன்டிபயாடிக் தேவையா?

நான்கு மாதம் முன்பு இங்கே கேட்டிருந்தேன், ரிப்போர்ட்டில் பஸ் செல்ஸ், அதாவது சீழ் அணுக்கள், 10-12 என்று வந்திருக்கிறது, விந்தணு எண்ணிக்கையும் மில்லிக்கு 1.1 கோடிதான், ஆன்டிபயாடிக் எடுக்கலாமா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "முதலில் பெராக்ஸிடேஸ் ஸ்டெயின் (வெள்ளையணுவைப் பிரித்துக் காட்டும் சாயம்) செய்யுங்கள்" என்றவர் சொன்னதுதான் வழி காட்டியது.

சாதாரண மைக்ராஸ்கோப்பில் வெள்ளையணுவும் (சீழ் அணு என்பது இதுதான்) முதிராத விந்துச் செல்லும் ஒரே மாதிரி உருண்டையாகத்தான் தெரியுமாம். சாயம் போட்டால் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு மட்டும் பழுப்பாகும். லேபில் எனக்கே காட்டினார்கள்: பழுப்பு அங்கொன்றும் இங்கொன்றும், மற்றதெல்லாம் நிறமே ஏறாத உருண்டைகள். பழுப்பானவை மில்லிக்கு 3 லட்சம். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 10 லட்சம். கல்ச்சரிலும் (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) கிருமி இல்லை, அதனால் மாத்திரை வேண்டாம் என்றுவிட்டார் டாக்டர்.

எதிர்பாராதது, முதல் டெஸ்டுக்கு ஐந்து வாரம் முன்பு எனக்கு வந்த கடும் காய்ச்சல். நான் அதை யாரிடமும் சொல்லவே இல்லை. விந்தணு உருவாக 70 நாளுக்கு மேல் ஆகும் என்பதால் அந்தப் பாதிப்பு தாமதமாகத் தெரிகிறது, காய்ச்சல்தான் காரணமாக இருக்கும் என்கிறார் டாக்டர். மூன்று மாதம் கழித்து இப்போது எண்ணிக்கை 2.6 கோடி!

அப்புறம் ஒன்று, நோய் எதிர்ப்பு செல் என்றாலே கெட்டது என்று பயந்திருந்தேன். விந்தகத்துக்குள் மேக்ரோஃபேஜ்கள் என்ற எதிர்ப்பு செல்கள் எப்போதுமே உண்டு, டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் லேடிக் செல்களை ஒட்டியே இருந்து அவற்றுக்குத் துணை செய்கின்றன. இந்தச் சாயத்தில் லிம்ஃபோசைட் என்ற இன்னொரு வகை வெள்ளையணு தெரியாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.