'சர்வே மார்க்', 'ட்றிக் ஸ்டேஷன்', 'பென்ச் மார்க்': வெள்ளிக்கு முன் தமிழ் வேண்டும்

புவியியல் ஆசிரியை, வெல்லாவெளி

எல்லோருக்கும் வணக்கம்.

உயர்தர மாணவருக்கான வெளிக்களக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பற்றைக்காடு மூடிய மலைகளில் பழைய நில அளவைக் குறிகளைத் தேடிப் போவதும், கண்டால் பதிவதும்தான் விடயம். எழுத்துவேலை முடிந்தது. நான்கு சொற்களில் நிற்கிறோம். அளவைக்காரர் நிலத்தில் விட்டுப்போன எந்த அடையாளத்துக்கும் பொதுவாக 'சர்வே மார்க்' என்கிறோமே, அது ஒன்று. மலையுச்சியில் நின்று அடுத்த மலைக்குக் கோணம் பிடிக்க வைத்த 'ட்றிக் ஸ்டேஷன்' இரண்டாவது. கடல் மட்டத்திலிருந்து உயரம் கண்டு மதகிலும் பாலத்திலும் வெட்டிய 'பென்ச் மார்க்' மூன்றாவது. முதன்மைக் குறி அழிந்தால் அதன் இடத்தைக் காட்ட அக்கம்பக்கத்தில் வைக்கும் 'விட்னஸ் மார்க்' நான்காவது.

வகுப்பில் 'திரிகோணகணித நிலையம்' என்றுதான் சொல்லிக்கொடுக்கிறோம். நிலையம் என்றால் பிள்ளைகளுக்கு பஸ் நிலையம், பொலிஸ் நிலையம். பாறையில் பெருவிரல் நுழையும் ஒரு துளையைத் தேடப் போகிறவர்களுக்கு அந்தச் சொல் கட்டடத்தைக் காட்டுகிறது. வியாழன் இரவுக்குள் முடிவு வேண்டும், தயவுசெய்து.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், களுவாஞ்சிக்குடி

மகள், நல்ல கேள்வி. இதற்குப் புதுச்சொல் கட்டத் தேவையே இல்லை. நிலம் அளந்து குறி நாட்டுவது நமக்கு நேற்று வந்த வேலையல்ல. சோழர் செப்பேடுகளில் ஓர் ஊரின் எல்லையை வகுத்ததைச் சொல்லும்போது, பெண்யானையை எல்லைவழியே நடத்தி, 'கல்லும் கள்ளியும் நாட்டி' என்று எழுதுவார்கள். ஆகவே வினை 'நாட்டுதல்'.

மலையுச்சித் தூணுக்கு 'கந்து' என்ற சொல்லை வைக்கலாம். யானை கட்டும் தறிக்கும் கந்து, தெய்வம் உறையும் தூணுக்கும் கந்து. பட்டினப்பாலையில் 'கந்துடைப் பொதியில்' வருகிறது. 'அளவைக் கந்து' என்று சொல்லிப் பாருங்கள், எவ்வளவு நிறைவாக இருக்கிறது! குறியின் மேல் கல் குவித்திருந்தால் அந்தக் குவியல் 'பதுக்கை'. புறநானூற்று 264ஆம் பாட்டு 'பரலுடை மருங்கின் பதுக்கை சேர்த்தி' என்று தொடங்குகிறது. பதுக்குதல் என்றால் மறைத்தல். குறியைக் கல்லுக்குள் மறைத்துக் காப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்?

உகந்தை என்ற ஊர்ப்பெயருக்குள்ளும் இந்தக் கந்து இருக்கிறது என்பது என் நெடுநாள் எண்ணம். உயர்ந்த கந்து, உகந்து, உகந்தை. அதை விரிவாகத் தனியே எழுதுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர், கல்லடி

ஐயா, உகந்தைக்கு 'உகந்த' போதும் என்று நினைக்கிறேன். அதை விடுவோம்.

கந்து என்றதும் இன்றைய பிள்ளைக்கு முதலில் வருவது கந்துவட்டி. அம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சிங்களத்தில் 'கந்த' என்றால் மலை. 'மலையில் இருக்கும் அளவைக் கந்து' என்றால் மலையில் இருக்கும் மலை என்று கேட்கும். பதுக்கை அழகான சொல், ஆனால் அந்தப் பாட்டில் அது வீழ்ந்துபட்டவனுக்கு எழுப்பியது. பதினேழு வயதுப் பிள்ளைகளைக் காட்டுக்குள் பதுக்கை தேட அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. அகராதியைத் திறக்காமல் விளங்குகிற சொல்தான் கையேட்டுக்கு வேண்டும்.

பதிவுபெற்ற நில அளவையாளர், அக்கரைப்பற்று

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

சொல்லுக்கு முன் பொருளைப் பார்ப்போம், ரீச்சர். மண் மூடிய உச்சியில் தூண் கட்டுவார்கள். வெறும் பாறையாக இருந்தால் தூண் இல்லாமலும் இருக்கும். பாறையிலேயே துளை போட்டு, சுற்றிலும் வட்டமோ முக்கோணமோ வெட்டிவிடுவார்கள். சில துளையில் ஈயம் வார்த்து பித்தளை ஆணி பதித்திருக்கும். தூண் உள்ள இடத்திலும் தூண் வெறும் தாங்கிதான். அதன் தலையில் உள்ள புள்ளிதான் குறி. அந்தப் புள்ளிக்கு நேர்கீழே மண்ணுக்குள் இன்னொரு புள்ளியைப் புதைத்து வைப்பது முக்கோண அளவையில் பழைய வழக்கம். மேல்குறியை ஆரும் உடைத்தாலும் கீழ்க்குறி நிற்கும். இப்படி இருக்க, 'கந்து' என்றும் 'கல்' என்றும் பெயர் வைத்தால், தூண் உடைந்த இடத்தில் பிள்ளைகள் 'ஒன்றும் இல்லை' என்று எழுதிவிட்டு இறங்கிவிடுவார்கள்.

இன்னொரு பெரிய குழப்பம் இந்தப் பக்கத்துக்கே உரியது. நம் பாறைகளில் பழங்காலத்து உளிவேலை நிறையக் கிடக்கிறது. கல் பிளக்க ஆப்பு வைத்த குழிகள் ஒரே வரிசையில், நீள்சதுரமாக, கிட்டக்கிட்ட இருக்கும். கட்டடத் தூண் நட்ட குழிகள் சதுரமாக, அகலமாக, நாலும் ஆறுமாக முறையாக அமைந்திருக்கும். உரற்குழி வாய் அகன்று, உள்ளே தேய்ந்து வழுவழுப்பாக இருக்கும். அளவைக்காரர் துளை தனியாக, வட்டமாக, பக்கம் நேராக இறங்கும். அது நாலு திசையும் பார்வை திறந்த இடத்தில் இருக்கும், தண்ணீர் வழிந்தோடும் சரிவில் இராது. பாசி மூடியிருந்தால் தண்ணீர் ஊற்றி மெல்லிய தூரிகையால் தேய்த்தால் போதும். கம்பித் தூரிகை கூடாது. உச்சி வெயிலில் வெட்டு தெரியாது. காலை ஏழு மணிக்கு முன் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள், இல்லையென்றால் டோர்ச்சைப் பாறையோடு ஒட்டிப் பிடியுங்கள்.

எனவே பொதுச்சொல் 'அளவைக்குறி'. கல், ஆணி, துளை, தூண் எல்லாம் அதற்குள் அடங்கும்.

வரைபட வேலை செய்பவர், திருக்கோவில்

அளவைக்குறிக்கு என் ஆதரவு. ஆனால் அளவையாளர் நானா சொன்ன துளைக்கு முன்னால் நிற்க வேண்டுமே. கையேட்டின் நாலாம் பக்கத்தில் 'பழைய படத்தின் ஆள்கூறுகளைப் போனில் இட்டு நடக்கவும்' என்று இருக்கிறது. அப்படி நடந்தால் பிள்ளைகள் போய்ச்சேர மாட்டார்கள்.

நம் நாட்டுப் படங்களில் எண்கள் மூன்று வகை. எல்லாவற்றுக்கும் தொடக்கம் பிதுருதலாகலை மலைதான். மிகப் பழையதில் அந்த இடத்துக்கு 1,76,000 யார், அதாவது 100 மைல், என்று வைத்து எண்ணுவார்கள். பிறகு வந்ததில் 2,00,000 மீற்றர். 1999 ஆதாரத்தில் (ஆள்கூறுகளை எந்த அடிப்படையில் எண்ணுவது என்ற 'டேட்டம்') 5,00,000 மீற்றர். மட்டக்களப்பு நகரின் கிழக்குத்தூரம் இரண்டாவதில் ஏறக்குறைய 3,02,000, மூன்றாவதில் 6,02,000. முதல் எண்ணே வேறு என்பதால் இந்த இரண்டையும் எளிதில் பிரித்தறியலாம். ஆபத்து முதலாவதில்தான். அதே இடம் யாரில் 2,88,000ஐ ஒட்டி வரும். பார்வைக்கு மீற்றர் எண் போலவே இருக்கும். அதை மீற்றராக எடுத்தால் பதினான்கு கிலோமீற்றர் மேற்கே, வேறொரு காட்டில் நிற்பீர்கள்.

அகலக்கோடு நெடுங்கோடாக எழுதியிருந்தாலும் தப்ப முடியாது. பழைய படங்கள் 'கந்தவளை' என்ற பழைய ஆதாரத்தில் உள்ளவை. போன் உலகப் பொது ஆதாரத்தில் ஓடுகிறது. மாற்றாமல் இட்டால் நம் பக்கத்தில் 200 மீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக மேற்கே தள்ளிவிடும். வயல்வெளியில் 200 மீற்றர் பெரிதல்ல. சூரைமுள்ளும் ஈச்சம்பற்றையும் அடர்ந்த சரிவில் அது அரை நாள். சரியாக மாற்றிய பிறகும் மரநிழலில் போன் பத்துப் பதினைந்து மீற்றர் தவறும். போனை உச்சியில் பத்து நிமிடம் அசைக்காமல் வைத்து சராசரி எடுத்து, அந்த இடத்தில் ஒரு தடி நட்டு, இருபது மீற்றர் கயிற்றைக் கட்டி, இரண்டிரண்டு மீற்றராக விட்டு வட்டம் சுற்ற வேண்டும். கயிறில்லாமல் தேடினால் பார்த்த இடத்தையே திரும்பத் திரும்பப் பார்ப்போம்.

இதனால் ஐந்தாவது சொல்லும் வந்துவிட்டது. நான் மேலே 'ஆதாரம்' என்று எழுதியதற்கு, கையேட்டு வரைவில் 'தரவு' என்று போட்டிருக்கிறீர்கள். தரவு வேறு, இது வேறு. 'தரவுத்தளம்' என்றால் இன்னும் மோசம்.

மொழிபெயர்ப்பாளர், கல்லடி

'ஆதாரம்' என்றால் நீதிமன்றச் சான்று என்றும் வாசிக்கலாமே. 'அளவை ஆதாரம்' என்று அடைமொழியோடு போடலாம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், களுவாஞ்சிக்குடி

ஆதாரம் வடசொல். 'அடிநிலை' இருக்கிறது.

உள்ளூர் வரலாறு எழுதுபவர், மட்டக்களப்பு

பென்ச் மார்க்குக்கு ஆரும் இன்னும் வரவில்லை. 'மட்டக்குறி'. இந்த மண்ணில் வேறு சொல் தேட வேண்டுமா? ஊரின் பெயரே மட்டக்களப்பு. மட்டமான களப்பு, தண்ணீரின் மட்டம் தெரியும் களப்பு. கொத்தனார் மட்டம் பார்க்கிறார், வட்டவிதானை வாய்க்காலுக்குத் தண்ணீர் மட்டம் பார்க்கிறார், கடலுக்கும் கடல் மட்டம். இந்த நாட்டின் முக்கோண அளவைக்கு அடிக்கோடு (மற்றத் தூரங்களைக் கணிக்க முதலில் நிலத்தில் அளக்கும் கோடு) அளந்த இரண்டு இடங்களில் ஒன்று நீர்கொழும்புப் பக்கம், மற்றது நம் மட்டக்களப்பு. சமதரை இல்லாத இடத்தில் அடிக்கோடு அளக்க முடியாது. பெயரும் தரையும் ஒன்றையே சொல்கின்றன.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், களுவாஞ்சிக்குடி

மட்டு என்பது எல்லை, அளவு. 'மட்டும்', 'மட்டுப்படுத்து' எல்லாம் அதிலிருந்தே வந்தவை. மட்டமான களப்பு என்பது பின்னால் சொன்ன விளக்கம். 'மட' என்ற சிங்களச் சொல்லைக் காட்டிச் சேற்றுக் களப்பு என்பவர்களும் உண்டு. ஆனால் மட்டக்குறி என்ற சொல்லை ஏற்கிறேன். நீங்கள் எந்த வேரைக் காட்டினாலும் அது நிற்கும்.

பதிவுபெற்ற நில அளவையாளர், அக்கரைப்பற்று

மட்டக்குறி சரி. ஒரு திருத்தம் மட்டும் கையேட்டில் போடுங்கள். மட்டக்குறியில் கிடைக்கோடு வெட்டி, அதற்குக் கீழே மேல்நோக்கிய அம்பு இருக்கும். உயரம் அந்தக் கோட்டுக்குத்தான், அம்பின் அடிக்கோ கல்லின் தலைக்கோ அல்ல. பழைய பட்டியலில் உயரம் அடியில் இருக்கும். மீற்றராக்க 0.3048ஆல் பெருக்கவும்.

விட்னஸ் மார்க்குக்கு 'சாட்சிக்குறி' என்று போடுங்கள். காணி வழக்கில் கல்லைப் பற்றிப் பேசும்போது சாட்சி என்ற சொல் சனத்துக்குப் பழக்கம். குறியிலிருந்து எத்தனை பாகை, எத்தனை தூரம் என்று அளவைப் புத்தகத்தில் இருக்கும். இரண்டு சாட்சிக்குறி கிடைத்தால் நாடாவால் இரண்டு வில் வரைந்து, வெட்டும் இடத்தில் பார்க்க வேண்டும். வில்கள் இரண்டு இடத்தில் வெட்டும். எது சரி என்பதைத் திசைகாட்டிதான் சொல்லும். இதை எழுதாவிட்டால் பிள்ளைகள் பிழையான பக்கத்தில் தோண்டுவார்கள். தோண்டவே கூடாது என்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள். கையால் சருகை விலக்கலாம். மண்வெட்டி கொண்டுபோகக் கூடாது. புதையல் தேடுகிறவர்கள் பாறையில் எந்த வெட்டைக் கண்டாலும் உடைக்கிற காலம் இது.

மொழிபெயர்ப்பாளர், கல்லடி

அதனால்தான் 'குறி' என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது. குறி சொல்வது, புதையலுக்குக் குறி இருப்பது என்று ஊரில் பேச்சு இருக்கிறது. வகுப்பிலும் தனித்துச் சொன்னால் பையன்கள் சிரிப்பார்கள். 'அளவை அடையாளம்' என்று போடலாமா?

வரைபட வேலை செய்பவர், திருக்கோவில்

நீளம். படத்தில் எழுத இடமில்லை. மட்டக்குறி, சாட்சிக்குறி எல்லாம் ஒரே குடும்பமாக வருவதையும் அடையாளம் உடைத்துவிடும்.

புவியியல் ஆசிரியை, வெல்லாவெளி

பொறுமையோடு எழுதிய எல்லோருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இரண்டு தரம் அழைப்பு வந்துவிட்டது. பெரும்பான்மைப்படி போடுகிறேன்: அளவைக்குறி, மட்டக்குறி, சாட்சிக்குறி. ட்றிக் ஸ்டேஷனுக்கு 'முக்கோண அளவைக்குறி'. பரீட்சைக்காக முதல் இடத்தில் மட்டும் 'திரிகோணகணித நிலையம்' என்று அருகில் வரும். 'அளவை ஆதாரம்' தற்காலிகம். நாலாம் பக்கம் முழுக்கத் திரும்ப எழுதப்பட்டுவிட்டது. தோண்டக்கூடாது என்பது அட்டையின் உள்பக்கத்தில் வருகிறது. அதன் கீழே காட்டு அனுமதி, ஆளுக்கு நாலு லீற்றர் தண்ணீர், பாறைக் குடைவில் மலைத்தேனீ இருந்தால் புகையும் வாசனையும் இல்லாமல் சத்தமின்றித் திரும்புவது, கண்ணிவெடி எச்சரிக்கையாகச் சிவப்புப் பூசிய கட்டையோ மண்டையோட்டுப் பலகையோ கண்டால் வந்த கால்தடத்திலேயே திரும்புவது, யானை குளத்தை நாடும் பின்னேரத்துக்கு முன் இறங்கிவிடுவது எல்லாம் வருகின்றன.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், களுவாஞ்சிக்குடி

மகள், முக்கோண அளவைக்குறி என்பது சொல் அல்ல, விளக்கம். மூன்று சொல்லை ஒட்டவைத்தால் கலைச்சொல் ஆகாது. அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. 'பதுக்கை' மட்டும் கற்குவியலுக்கு ஓரிடத்தில் வரவேண்டும். நடுகல் பாட்டைப் படித்த பிள்ளை ஒன்றாவது காட்டில் அந்தக் குவியலைக் கண்டு பெயர் சொல்லட்டும்.

பதிவுபெற்ற நில அளவையாளர், அக்கரைப்பற்று

பதுக்கையைப் போடுங்கள் ரீச்சர், எனக்கு மறுப்பில்லை. ஆனால் குவியலைக் கலைக்கக்கூடாது, கீழே புடையன் பாம்பு இருக்கும் என்று அதே வரியில் எழுதுங்கள். ஆதாரத்துக்கு 'அடிநிலை' வேண்டாம். அடிக்கோடும் அடிநிலையும் ஒரே பக்கத்தில் வந்தால் வேலை செய்கிற எங்களுக்கே குழம்பும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், களுவாஞ்சிக்குடி

அப்படியென்றால் அடிக்கோட்டை மாற்றுங்கள்.