நாளைக்கு ஃப்ரிட்ஜ் வருது – எங்க வீட்டுக் குழு

செல்வி: மாமா, அப்பா லாரி பார்சல்ல போட்ட ஃப்ரிட்ஜ் நாளைக்குக் காலைல வருதாம். கையெழுத்து போட்டு இறக்கிக்கவா?

முருகேசன் மாமா: கையெழுத்து கடைசிலதான்மா. டெலிவரி காப்பியோட அடியில பொடி எழுத்தைப் படி. "சரக்கை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்"னு இருக்கும். அதுல கையெழுத்து போட்டுட்டு அப்புறம் கதவு நசுங்கியிருக்குன்னா, நீ எழுதிக் கொடுத்ததையே உன்கிட்ட காட்டுவாங்க.

செல்வி: பிரிச்சுப் பாக்கற வரைக்கும் டிரைவர் நிக்க மாட்டாரே?

முருகேசன் மாமா: அப்போ கையெழுத்துக்கு மேலயே எழுது: "பெட்டி பிரித்துப் பார்க்கவில்லை. வலது கீழ் மூலை நசுங்கியுள்ளது, டேப் கிழிந்துள்ளது." தேதி, மணியும் போடு. மொட்டையா "சேதம்"னு எழுதாதே, எங்கே எப்படின்னு இருக்கணும்.

கீதா அக்கா: எழுதின தாளையும், பெட்டி வண்டியில இருக்கும்போதே நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கோ. சீரியல் நம்பர் பில்லோட ஒத்துப்போகுதான்னும் பாரு. ஓடிபி கேட்டாலும் இதேதான். அதைச் சொல்றதும் கையெழுத்து போடற மாதிரிதான்.

செல்வி: புக்கிங் ரசீதுல "ஓனர் ரிஸ்க்"னு, அதாவது சேதமானா சரக்குச் சொந்தக்காரர் பொறுப்புன்னு, முத்திரை இருக்கே அக்கா. உடைஞ்சா ஒண்ணும் கேக்க முடியாதா?

கீதா அக்கா: கேக்கலாம். முத்திரை குத்தினதாலயே அவங்க பொறுப்பு போயிடாது. 2007 சாலைவழி சரக்குச் சட்டப்படி அவங்க அஜாக்கிரதையை நாம நிரூபிக்க வேண்டியதில்ல. ஆனா தொகைக்கு வரம்பு உண்டு, லாரி வாடகையில 10 மடங்குதான். வாடகை எவ்வளவு போட்டிருக்கு?

செல்வி: 850. ஃப்ரிட்ஜ் 27,000.

கீதா அக்கா: அப்போ 8,500க்கு மேல வராது. புக் பண்ணும்போதே விலையை எழுதி ரிஸ்க் ரேட்னு கூடுதல் கட்டணம் கட்டியிருந்தாதான் அந்த வரம்பு உயரும். அடுத்த தடவை அப்பாகிட்ட அதைச் சொல்லு, ரொம்ப முக்கியம்.

முருகேசன் மாமா: சேதம்னா லாரி ஆபீசுக்கு எழுத்துல நோட்டீஸ் கொடுக்கணும். 180 நாள் கெடு. டெலிவரி நாள்லேருந்து இல்ல, புக் பண்ணின தேதியிலேருந்து எண்ணு. அது இல்லாம கேஸ் போட முடியாது. ரசீதுல வாடகை "பெய்டு"ன்னு (முன்னாடியே கட்டினது) இருக்கா, "டு பே"ன்னா (டெலிவரில கட்டறது)?

செல்வி: பெய்டு.

முருகேசன் மாமா: அப்போ வாடகை திரும்பக் கேட்டா கொடுக்காதே. இறக்கு கூலி மட்டும் தனியா பேசிக்கோ. படுக்க வச்சுக் கொண்டுவந்திருந்தா உடனே ஸ்விட்ச் போடாதே. நிமிர்த்தி சில மணி நேரம் விடு, கம்ப்ரஸர் ஆயில் கீழ இறங்கணும்.

கீதா அக்கா: பால்பாயிண்ட் பேனா எடுத்து வச்சுக்கோ செல்வி. கார்பன் தாள் இருந்தா அழுத்தி எழுது, அவங்க கொண்டுபோற காப்பியிலயும் நீ எழுதினது விழணும்.