பெலீஸ்: ஷுனன்துனிச்சும் குகை ஆறும் ஒரே நாளில் முடியுமா?

கேள்வி: சான் இக்னாசியோவில் தங்குகிறோம். கூட வரும் அம்மாவுக்கு முழங்கால் வலி. ஷுனன்துனிச் மாயா கோயில், ஆறு ஓடும் குகை இரண்டும் பார்க்க வேண்டும்.

பதில் 1: தாராளமாக. காலையிலேயே ஷுனன்துனிச் போய்விடுங்கள், வெயில் கொன்றுவிடும். நான் போனபோது மோப்பான் ஆற்றைக் கடக்க, கையால் சுற்றி இழுக்கும் மிதவைதான்; காரும் அதிலேயே ஏறியது. அங்குள்ள பெரிய பிரமிடு எல் காஸ்தியோ சுமார் 40 மீட்டர், படிகள் செங்குத்து. உச்சியிலிருந்து குவாத்தமாலா தெரியும். அம்மா கீழே நிழலில் இருக்கட்டும். பிரமிடின் சுதைச் சிற்பங்கள் அங்கிருந்தே தெரியும். வெளியே இருப்பது நகல்தான், அசல் அதற்குப் பின்னால் பத்திரம்.

பதில் 2: குகைக்கு பார்ட்டன் கிரீக். துடுப்புப் படகில் உட்கார்ந்தபடியே போகலாம். டார்ச் அடித்தால் மேல் திட்டுகளில் மாயாப் பானைகள் தெரியும். ஆக்துன் துனிச்சில் முக்னல் என்ற இன்னொரு குகை வேண்டாம், வாசலிலேயே நீந்த வேண்டும்.

கேள்வி கேட்டவர்: வௌவால் உண்டா?

பதில் 2: உண்டு. அது பாட்டுக்குத் தொங்கும்.